தோல்மண்டி வரிசையின் உள்கதவுகள்

மகனுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. அது கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் பக்கத்து இன்டர்நெட் சென்டரில் அதை அச்செடுத்துக்கொண்டு வந்தவர் மூன்றாம் வீட்டு நஜீர் பாய். வரும் வழியிலேயே அவர் அதைப் படித்துவிட்டார். வம்புக்காக அல்ல, பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளர் என்ற முறையில் அது தன் கடமை என்று அவர் மனமார நம்புகிறார். பிறகு அவர் மனைவி படித்தாள். மூன்றாம் வீட்டிலிருந்து நம் ஏழாம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உன் கடிதம் இடையில் இருக்கிற எல்லாச் சமையலறையிலும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கிறது. என் கைக்கு வந்தபோது அதில் ஏலக்காய் வாசம் அடித்தது. ஆகவே என் பதிலை உறையில் போட்டு ஒட்டுவதில் பொருளில்லை. ஜமாஅத் நடத்தும் மாத இதழுக்கே கொடுத்துவிடுகிறேன். ஷார்ஜாவில் நீ படிப்பதற்கு முன் இங்கே எல்லாரும் படித்திருப்பார்கள். எங்காவது புரியவில்லை என்றால் அவர்களைக் கேட்டுக்கொள்.

நீ மூன்று விஷயம் கேட்டிருக்கிறாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏ.சி.யும் கார் நிறுத்த இடமும் உள்ள மண்டபங்கள் இருக்கும்போது உன் கல்யாணத்தை ஏன் நம் வீட்டு வரிசையில் வைக்க வேண்டும் என்பது ஒன்று. உன் மனைவிக்கு விசா கிடைக்கும்வரை அவள் எங்கே இருப்பாள், மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்க்கலாமா என்பது இரண்டு. மூன்றாவது கேள்வி அல்ல, யோசனை. வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு ஃபிளாட் தருவானாம், எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமாம். கடைசி வரியில், "ஒரு பழைய வீட்டு மேல உங்களுக்கு ஏன் உம்மா இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டிருக்கிறாய். கேட்டது தப்பில்லை. போன வருடம் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. போனில் நான் சொன்னதெல்லாம் "ரோடு விஷயம் நல்லபடியா முடிஞ்சுது" என்பது மட்டும்தான். மேலே சொல்ல வாயெடுத்தபோது உன் காலிங் கார்டு தீர்ந்துபோயிற்று. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. முதலிலிருந்து சொல்கிறேன். உன் கேள்விகளுக்குப் பதில் கடைசியில் வரும். நீ நடுவில் இருப்பதைத் தாண்டிப் போகிறவன் என்று தெரியும், போகாதே.

நம் வரிசையைக் கட்டியவர் தோல்மண்டி மரைக்காயர். கீழக்கரைப் பக்கத்திலிருந்து பல்லாவரத்துக்குத் தோல் வியாபாரத்துக்கு வந்தவர். அவருக்கு ஏழு பெண்கள், ஆண் பிள்ளை இல்லை. ஊரே அவருக்காக அனுதாபப்பட்டது. அவர் அனுதாபத்தை மரியாதையாக வாங்கிக்கொண்டு, தாம்பரத்தில் ஒரு நீளமான மனையையும் வாங்கினார். அவர்கள் ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குத்தான். மருமகனுக்கு அந்த வீட்டில் ஒரு அறை, அறையில் ஒரு கட்டில், சாப்பாட்டில் முதல் மரியாதை. அவ்வளவோடு அவன் உரிமை முடிந்தது. மரைக்காயர் ஏழு பெண்களுக்கும் ஏழு வீடு கட்டினார். கட்டினார் என்று சொல்வதைவிட, ஒரே வீட்டைக் கட்டி அதற்கு ஏழு வாசல் வைத்தார் என்று சொல்வது சரி. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே கூரை, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ். பின்கட்டில், சமையலறையை ஒட்டி, வீட்டுக்கு வீடு போக ஒரு உள்கதவு. முன்வாசல் மாப்பிள்ளைகளின் கௌரவத்துக்கு. உள்கதவு கறிவேப்பிலைக்கும் கைக்குழந்தைக்கும் வம்புக்கும். ஏழு சகோதரிகளும் தெருவில் கால் வைக்காமலே முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை போய்வந்தார்கள்.

அப்படி ஒரு கதவை நான் பார்த்ததே இல்லையே என்பாய். நீ நடக்கப் பழகுவதற்குள் ஆறு கதவும் அடைபட்டுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஒன்று அடைபட்டது ஒரு ஆட்டுக்குட்டியால். இன்னொன்று ஒரு தையல் மெஷினால். மூன்றாவது ஏன் அடைபட்டது என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்துவிட்டது. நியாயம் தங்கள் பக்கம் என்பது மட்டும் இரண்டு வீட்டுக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நமக்கும் ஆறாம் வீட்டு மைமூனுக்கும் இருந்த கதவுதான் கடைசியாகப் போனது. மைமூன் எனக்கு அக்கா முறை, லாத்தா என்று கூப்பிடுவேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது லாத்தாவின் தங்கைக்குக் கல்யாணம். அதில் உன் வாப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான்; உலகத்தின் பெரிய யுத்தங்கள் எதனால் மூண்டன என்று படித்திருக்கிறேன். இரண்டாம் பந்தி அவற்றில் பலவற்றைவிட வலுவான காரணம். மறுவாரம் லாத்தா தன் பக்கம் செங்கல் வைத்து அடைத்துவிட்டாள். உன் வாப்பா நம் பக்கம் கதவின் முன்னால் ஒரு பீரோவை நிறுத்தினார். அதற்குப் பிறகு லாத்தாவும் நானும் பேசவில்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் அம்மி அரைத்தோம், பிறகு மிக்ஸி அரைத்தோம், பேசவில்லை.

இப்போது ரோட்டுக்கு வருகிறேன். ரயில்வே கேட்டில் நின்று நின்றே வயதாகிப்போன நாம் எல்லாரும் மேம்பாலம் வேண்டும் என்று துஆ கேட்டவர்கள்தான். துஆ பலித்தது. பாலத்தின் பக்கச்சாலை எங்கே இறங்கும் என்று துஆவில் யாரும் சொல்லியிருக்கவில்லை. வரைபடம் வந்தபோது அது நம் தெருமுனையில் திரும்பியது. திரும்புவதற்கு வரிசையின் கடைசி வீடு தேவைப்பட்டது. கடைசி வீடு நம்முடையது. மற்ற வீட்டுக்காரர்கள் வந்து, உயிரோடு இருக்கிற என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். லாத்தா வரவில்லை. அவள் மகன் வந்தான். நம் வீடு போனால் அவர்கள் வீடு முனைவீடாகிவிடும், செல்போன் ரீசார்ஜ் கடை வைக்கலாம். பாவம், நல்ல பையன். கண் கலங்கித்தான் பேசினான். ஆனால் திரும்பிப் போகும்போது நம் சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே போனான்.

ஒரே ஒரு வழி இருந்தது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம்வரை உள்ள பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்க நகரத்திலிருந்து ஒரு குழு சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டால் ரோடு வேறு பக்கம் திரும்பியாக வேண்டும். குழுவுக்கும் சாலை அலுவலகத்துக்கும் நான் மனு எழுதினேன். சாலை அலுவலகத்துப் பொறியாளர் பண்பாகப் பதில் சொன்னார்: "ஏழு பட்டா, ஏழு வீடு மேடம். ஒண்ணுதான் போகுது, ஆறு அப்படியே இருக்கு. பாரம்பரியத்துக்கு ஒரு குறையும் வராது." ஏழில் ஒரு பங்கு பாரம்பரியம் போவதைச் சேதாரக் கணக்கில் எழுதிவிடலாம் என்று அவர் நினைத்தார். ஆக, நம் வீடு பிழைக்க வேண்டுமென்றால் அது பழையது என்று காட்டினால் மட்டும் போதாது. ஏழும் ஒரே கட்டடம் என்று காட்ட வேண்டும். வேறு எந்த வழியும் இல்லை.

அதற்கு முன் பழையது என்பதையாவது காட்டலாம் என்றால், நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியும். வரிசையில் ஒரு வீட்டின் வயது என்ன என்பது கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. வீட்டுவரி போடுகிறவர் கேட்டால் நவாப் காலத்தது, இன்றைக்கோ நாளைக்கோ விழுந்துவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் போன வருடம்தான் கட்டி முடித்தோம். குழு வருகிற செய்தி தெரிந்ததும் நஜீர் பாய் கூட்டம் போட்டார். "பழைய வூட்டைப் பார்க்கப் பெரிய மனுசங்க வர்றாங்க. பழசாவே காட்டினா நம்ம மானம் இன்னாவறது?" என்றார். யாருக்கும் மறுப்பு இல்லை. நோன்புக்கு முன்னால் அடிக்கிற வெள்ளையை அந்த வருடம் முன்கூட்டியே அடித்தார்கள். வெள்ளை போதாது என்று எமல்ஷன் அடித்தார்கள். அதுவும் போதாது என்று முன்சுவரிலும் முன்னறையிலும் இடுப்புயரத்துக்கு பாத்ரூம் டைல்ஸ் ஒட்டினார்கள். டைல்ஸில் அன்னப்பறவை. நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நம் வீடு பிஸ்தா நிறத்தில் நின்றது. "உங்களுக்கும் சேர்த்து அடிச்சிட்டோம் அக்கா, அப்பால பார்த்துக்கலாம்" என்றார் நஜீர் பாய், நன்றிக்குக் காத்திருக்கிறவரின் முகத்தோடு.

குழு வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். மூத்தவர் தெருவில் நின்று வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"அந்தப் பழைய கட்டடம் எங்கே இருக்கு?"

"இதான் சார்," என்றார் நஜீர் பாய். "போன வாரம்தான் முடிச்சோம்."

 நம் வீட்டு முன்னறையில் உட்கார வைத்து ரோஸ்மில்க் கொடுத்தார்கள். மூத்தவர் அன்னப்பறவைகளைப் பார்த்தபடியே குடித்துவிட்டு, முழுதும் புதுப்பிக்கப்பட்டது, பரிந்துரை இல்லை என்று எழுதினார். வெளி ஆண்கள் நம் வீடுகளில் முன்னறையைத் தாண்டி வருவதில்லை என்பதால் அவர்கள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. முன்னறை முழுதும் புதுப்பிக்கப்பட்டுத்தான் இருந்தது.

மகனே, பாரம்பரியப் பாதுகாப்பின் வரலாற்றை யாராவது எழுதினால், அன்று அந்தப் பெண்ணுக்கு பாத்ரூம் போக வேண்டியிருந்தது என்பதை அதில் எழுத வேண்டும். அவள் பெயர் சுபாஷிணி. அஸ்தினாபுரத்தில் வீடு, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டடக்கலை சொல்லித்தருகிறாள். நான் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போனவள் வந்த வேலையை மறந்துவிட்டு நின்றாள். விருந்தாளி பார்க்காத இடத்துக்கு நம் ஆட்கள் ஒரு காசு செலவழிக்க மாட்டார்கள். அதனால் பின்கட்டில் எதுவும் மாறவில்லை. சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு இருந்தது, உத்திரம் சுவருக்குள் புகுந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டு இருந்தது. அவள் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இங்கே ஒரு கதவு இருக்கு."

"இருக்கு."

"அந்தப் பக்கம் யார் வீடு?"

"அது எனக்குத் தெரியாது," என்றேன். பேச்சில்லாத வீட்டைப் பற்றி வேறு எப்படிப் பதில் சொல்வது?

விஷயத்தைக் கேட்டுக்கொண்டதும் அவள் தெளிவாகச் சொன்னாள். உத்திரம் ஒன்று, சுவர் ஒன்று என்பதெல்லாம் வரைந்து காட்டலாம், ஆனால் பொறியாளர்கள் வரைபடத்துக்கு வேறொரு வரைபடத்தால் பதில் சொல்வார்கள். ஆறு கதவும் திறந்து, ஒரு மனிதன் நடந்து போக முடியும் என்றால் அதற்குப் பதில் கிடையாது. சனிக்கிழமைகளில் அவள் வந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். ஒவ்வொரு வீட்டின் பின்கட்டிலும் கதவு இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ், ஒரு வீட்டில் ஷோகேஸ், ஒரு வீட்டில் மக்கா படம் போட்ட காலண்டர், அதுவும் போன வருடத்தது. இங்கே கதவு இருந்ததா என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். இருந்தது என்று ஒத்துக்கொண்டால், ஏன் அடைத்தீர்கள் என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லப்போனால் ஆட்டுக்குட்டி வரும்.

சுபாஷிணி சோர்ந்துவிட்டாள். அவளுக்கு வீடுகளைத் தெரியும், வீட்டுக்காரர்களைத் தெரியாது. அவள் கையில் இருந்த படிவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பழைய அமைப்பு கெடாமல் இருந்தால் ஏ, கொஞ்சம் மாறியிருந்தால் பி, மாறிப்போனால் சி. நான் அதைப் பார்த்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலம் நஜீர் பாய் வீட்டுக்கு எதேச்சையாகப் போய், நான்காம் வீட்டுக்கு ஏ கிடைக்கப்போகிறது, அவர்கள் கதவைத் திறக்கிறார்களாம் என்று சொன்னேன். நான்காம் வீட்டுக்குப் போய், நஜீர் பாய் வீட்டுக்கு ஏ என்று சொன்னேன். இரண்டும் நான் சொன்ன நேரத்தில் பொய். மறுநாள் மதியம் ளுஹர் தொழுகைக்குள் இரண்டும் உண்மை. செய்தி மற்ற வீடுகளுக்கும் பரவி, முதல் ஐந்து வீட்டிலிருந்தும் கடப்பாறைச் சத்தம் வந்தது. நஜீர் பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மேற்பார்வை பார்த்தார். "இந்தக் கதவை எந்த முட்டாள் அடைச்சான்?" என்று ஒரு வீட்டில் அவர் கேட்டது தெருவரை கேட்டது. "நீங்கதான் பாய்," என்று ஒரு பெண் குரலும் கேட்டது.

பாக்கி இருந்தது ஒரே கதவு, லாத்தாவுக்கும் நமக்கும் நடுவில் இருந்த கதவு. அதை இந்தத் தந்திரத்தால் திறக்க முடியாது. மற்றவர்களுக்குப் போவது ஒரு ஃபிரிட்ஜ் வைக்கிற இடம். லாத்தாவுக்குப் போவது முனைவீடு, மகனின் கடை. அவள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும், நம் வீடு இடிந்து அவளுக்கு ரோடு வந்துவிடும். அவளிடம் போய்க் கேட்க எனக்கு உரிமையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு சனிக்கிழமை சுபாஷிணியும் நானும் பின்முற்றத்தில் நின்றபோது மதிலுக்கு அந்தப் பக்கம் லாத்தாவின் தலை தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் இடது தோளுக்கு மேலே இருந்த முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா பொண்ணு, அந்த வூட்டுக்காரம்மாவுக்கு ஏ போட்டுட்டியாமே."

"இன்னும் போடலை மாமி."

"போடு, போடு. படிச்சவங்க வூடு. எங்க வூட்டுக்கு இன்னா?"

சுபாஷிணி தயங்கினாள். "சி மாமி. மேலே மாடி எடுத்திருக்கீங்க. உள்கதவும் அடைச்சிருக்கு."

லாத்தா முருங்கை மரத்தையே பார்த்துக் கேட்டாள்: "அவங்க அடைக்கலையாமா? அவங்க பக்கம் பீரோ நிக்குதே, அது இன்னா சும்மா காத்து வாங்கிக்கினு கீதா?"

"சுபா," என்றேன், "பீரோவை நகர்த்த ரெண்டு பேர் போதும், செங்கலுக்குத்தான் ஆள் வேணும்னு அந்த வீட்டுல சொல்லு."

"ரெண்டாம் பந்திக்கு மூணாம் ஆளு மாதிரி நடுவுல நீ எதுக்கும்மா நிக்கிறே," என்றாள் லாத்தா அவளிடம், "தள்ளி நில்லு." பிறகு மரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். "ஏண்டி, உன் வூடு போனா என் வூட்டுல இன்னா நிக்கும்?"

"ரோடு நிக்கும் லாத்தா. உன் மகனுக்குக் கடை வரும்."

"அத நான் கேக்கலை. அது எனக்குத் தெரியாதா? ராத்திரி உன் மிக்ஸி சத்தம் நின்னு போச்சுன்னா நான் யாரைத் திட்டிக்கினு படுக்கிறது?" அதைச் சொல்லிவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு சுபாஷிணியைக் கேட்டாள்: "கதவைத் தொறந்தா பி-யாவது போடுவியா?"

"போடுவேன் மாமி."

"ஏ போடு. மாடி போட்டது என் புருசன். அவரு செஞ்சதுக்கு நான் இன்னா பண்ணட்டும்."

செங்கலைப் பெயர்க்க அவள் மகனையே வைத்தாள். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு கடப்பாறையை ஓங்கி ஒரு அடி அடித்தான். முதல் அடியிலேயே வரிசையாகச் செங்கல் சரிந்து அவன் காலடியில் விழுந்தது. அவன் பயந்து பின்வாங்கினான். குனிந்து பார்த்த சுபாஷிணி சொன்னாள், "சிமெண்ட்டே இல்லை ஆன்ட்டி. களிமண்ணுல வச்சிருக்காங்க." அந்த இரண்டாம் பந்திக் கல்யாணத்துக்கு முன்னால்தான் லாத்தா வீட்டில் மாடி எடுத்தார்கள், முற்றம் நிறைய சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தனை கோபத்திலும் அவள் கொத்தனாரிடம் களிமண் போதும் என்று சொல்லியிருக்கிறாள். இந்தப் பக்கம் பீரோவை நகர்த்த நான் ஆள் கூப்பிடப் போனேன். தேவைப்படவில்லை, நான் ஒருத்தியே தள்ளிவிட்டேன். உனக்கு நினைவிருக்கும், உன் வாப்பா கடைசிவரை அந்த பீரோவில் ஒரு கைக்குட்டைகூட வைக்க விடவில்லை. ஏன் என்று கேட்டால் கரையான் வரும் என்பார். அது இரும்பு பீரோ. நாம் இரண்டு பேரும் அதை அவருடைய பிடிவாதங்களில் ஒன்று என்று விட்டுவிட்டோம். கதவின் தாழ்ப்பாள் நம் பக்கம் இருந்தது. அது போடப்படவே இல்லை.

லாத்தா வாசல்படியைத் தாண்டி வந்து, நம் சமையலறையைச் சுற்றிப் பார்த்து, "இன்னும் இந்த அடுப்பா?" என்றாள். சமாதானம் ஏற்பட்டது.

சுபாஷிணி புது அறிக்கை எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்துக் குழுவும் சாலைப் பொறியாளரும் சேர்ந்து மறுபார்வைக்கு வந்த நாள் ஐப்பசி மழை. நம் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போயிற்று. ஜீப் முதல் வீட்டு வாசல்வரைதான் வந்தது. பொறியாளர் படியேறி, புது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "கடைசி வீட்டுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார். "இப்படியே வாங்க," என்று நஜீர் பாய் உள்ளே காட்டினார். அன்று பெண்கள் எல்லாரும் கூடிப் பேசி, ஆண்கள் பின்கட்டு வழியாக வரலாம் என்று அனுமதி கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைகளுக்கே கிடைக்காத அனுமதி அது. முதல் வீட்டில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம் கொடுத்தார்கள், சாப்பிட்டார். இரண்டாம் வீட்டிலும் அதுவே. வேண்டாம் என்றால் முதல் வீட்டில் சாப்பிட்டதற்கு அர்த்தம் என்ன என்று கேட்பார்கள் என்பது அவருக்கே விளங்கியது. நான்காம் வீட்டில் பெல்ட்டைத் தளர்த்தினார். சுபாஷிணி ஒவ்வொரு சுவரிலும் உத்திரத்தைக் காட்டிக்கொண்டே வந்தாள்; அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் எந்த வீடு எங்கே முடிந்தது என்று கவனிக்கவில்லை. லாத்தா அவரைத் தட்டோடு வழிமறித்து, "என் வூட்டுக்கு மட்டும் இன்னா கொறைச்சல்?" என்றாள். அங்கேயும் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டு முன்வாசலில் வந்து நின்றார். எதிரே வெள்ளம். தன் காலைப் பார்த்தார்.

"என் ஷூ?"

"முதல் வீட்டுல சார்," என்றாள் சுபாஷிணி.

அவர் தெருவைப் பார்த்தார். காலுறையைப் பார்த்தார். பிறகு திரும்பி, வந்த வழியே நடந்தார். ஒவ்வொரு கதவிலும் தலையைக் குனிந்து, ஒவ்வொரு சமையலறையிலும் புன்னகை செய்து, முதல் வீட்டுக்குப் போய் ஷூவைப் போட்டுக்கொண்டார். குழுவின் மூத்தவர் குடையைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார், "ஏழு வீடுன்னு சொன்னீங்களே?" பொறியாளர் நேர்மையான மனிதர். ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "இந்த வீட்டை நான் முதல்ல முன்பக்கமா பார்த்துட்டேன் சார்," என்றார்.

பொங்கலுக்குப் பிறகு உத்தரவு வந்தது. சாலை எதிர்ப்புறத்துக் காலி மனை வழியாக வளைந்து போகிறது. நீ வரும்போது பார்ப்பாய், அந்த வளைவில் திரும்புகிற ஒவ்வொரு ஆட்டோக்காரனும் யாரையோ திட்டுகிறான். அந்த யாரோ நான்தான், எனக்கு அதில் மிகுந்த திருப்தி. குழு ஒரு பலகை வைத்தது. அதில் தோல்மண்டி மரைக்காயர் வீடு என்று இருக்கிறது, வீடுகள் என்று இல்லை. டைல்ஸையெல்லாம் உரித்தாயிற்று. நஜீர் பாய் மட்டும் தன் வாசலில் ஒரு அன்னப்பறவையை விட்டுவைத்திருக்கிறார், இன்னும் ஐம்பது வருடத்தில் அதுவும் பழசாகிவிடும் என்கிறார்.  லாத்தாவின் மகன் கடை நம் வீட்டு முன்னறையில் நடக்கிறது. சாலை வளைந்தபின் முனை நம்முடையதாகவே இருந்துவிட்டது, அவன் அளந்ததும் வீண் போகக்கூடாது அல்லவா.

இனி உன் கேள்விகள். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் பெற்றோர் குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீடு கொடுக்க முடியாத இடத்தில் பெண் எடுக்கிறோம், நம் வழக்கம் என்னாவது என்று நஜீர் பாய் கவலைப்பட்டார். அந்தப் பெண்ணின் தந்தையும் இதே கவலையோடு என்னிடம் வந்து, மூன்று தரம் காபி குடித்தும் சொல்ல முடியாமல் திரும்பிப் போனார். வழக்கத்தை நான் மீறவில்லை. நம் வரிசையில் வீடு எப்போதும் மகளுக்குத்தான் போயிருக்கிறது. எனக்கு மகள் இல்லை; ஒருத்தி வரப்போகிறாள். வீட்டை அவள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்துவிட்டேன். சாட்சிக் கையெழுத்து மைமூன் லாத்தா. ஆகவே விசா வரும்வரை அவள் எங்கே இருப்பாள் என்ற கேள்வி இல்லை, அவள் வீட்டில் இருப்பாள். விசா வந்த பிறகும் அது அவள் வீடுதான், நான் காவல் இருப்பேன். பில்டர் விஷயமாக இனி நீ பேச வேண்டியது அவளிடம். நான் அவளிடம் பேசிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்கதவுகளை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் நடந்து பார்த்தவள் அவள்.

அறிவுரை என்று ஒன்று சொல்லாமல் ஒரு தாய் கடிதத்தை முடிக்கக்கூடாது என்பார்கள். சண்டை போடாதே என்று நான் சொல்ல மாட்டேன், நீ என் மகன், உன் வாப்பாவின் மகன். அடைக்க வேண்டி வந்தால் களிமண்ணில் அடை, நம் பக்கம் நிற்கிற பீரோவைக் காலியாக வை. இதற்கு மேல் கல்யாண வாழ்க்கையைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கல்யாணம் நம் வரிசையில்தான். பெண்ணை முதல் வீட்டில் இறக்கி, ஆறு கதவு வழியாக, ஒவ்வொரு வீட்டிலும் இனிப்புக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மரைக்காயரின் பெண்களுக்குப் பிறகு அப்படி நடந்து வருகிற முதல் மணப்பெண் இவள்தான். நீ அவளுக்குப் பின்னால் வா. பந்தியில் உனக்கு முதல் வரிசை, அதை லாத்தா தானே நின்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு ஒரு அறை இருக்கிறது, அறையில் கட்டில் இருக்கிறது. ஷூவை முதல் வீட்டு வாசலில் கழற்றி வை. திரும்ப எடுக்க வேண்டுமென்றால் அத்தனை பேரையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

உன் மனைவி வீட்டிலிருந்து,
உம்மா